கீரி சிஸ்டருக்கு அன்பு கற்பித்த கதை

அன்பை வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று எவன் மண்டையில் முதலில் உதித்ததோ, அந்த மகராசா, உன்னைத்தான்! உன் பேர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் நடந்ததற்கு நீதான் பொறுப்பு. நழுவாமல் உட்கார்ந்து கேள்.

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குள் ஒரு டயாலிசிஸ் வார்டு. கிட்னி கைவிட்ட மிருகங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, கையில் ஊசி வாங்கி, ரத்தத்தைச் சலவைக்குப் போட்டுவிட்டுப் படுத்திருக்கும். அதில் ஒருவர் முள்ளம்பன்றி கொம்பையா. கிழங்குச் சந்தைத் தரகர். தோளில் எப்போதும் ஒரு துண்டு. துண்டை மூடி, அடியில் எதிராளியின் விரலைப் பிடித்தே விலை பேசுவார். ஒரு விரலுக்கு ஒரு விலை, இரண்டு விரலுக்கு இன்னொரு விலை. அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தால், ‘நீ சொன்னதே விலை, எனக்குப் பேச்சில்லை’ என்று அர்த்தம். அப்படிக் கொம்பையா பிடித்ததாகச் சந்தையில் சரித்திரமே கிடையாது.

அவரைக் கவனித்தது ஜெபமணி சிஸ்டர். கீரி. முள்ளம்பன்றிக்கு ஊசி போடுவது லேசுப்பட்ட காரியமா? அது சிலிர்த்தால் போடுகிறவருக்குத்தான் அதிகம் குத்தும். ஜெபமணி மட்டும் அந்தக் கையைத் தடவி, ரத்தம் எங்கே ஓடுகிறது என்று விரலாலேயே பார்த்து, ஒரே குத்தில் முடிப்பாள். கை அப்படி. வாய்தான் வேறு மாதிரி.

“தராசுல ஏறுங்க. ஐயோ! அண்ணாச்சி, தண்ணி குடிச்சீங்களா, குளத்தையே குடிச்சீங்களா?”

“வெயில் சிஸ்டர். ரெண்டே ரெண்டு சொம்பு மோரு...”

“காலைக் காட்டுங்க.” விரலால் அமுக்கினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. “இந்தக் குழியில வாழை நடலாம். இதுதான் உங்க ரெண்டு சொம்பா?”

மெஷின் ஓடத் தொடங்கியதும் கொம்பையா துண்டை அவள் கைமேல் போடுவார். அடியில் இரண்டு விரலைப் பிடிப்பார். ரெண்டு டம்ளர் தண்ணீர்! உதறுவாள். ஒரு விரலுக்கு இறங்குவார். அதையும் உதறுவாள்.

“அரை டம்ளராவது குடு, சண்டாளி!”

“ஒரு ஐஸ்கட்டி. வாயில ஒதுக்கி வைங்க. கடிச்சு முழுங்கினா அடுத்த தடவை அதுவும் கிடையாது.”

வார்டு வாசலில் ஒவ்வொரு நர்சுக்கும் ஒரு பானை வைத்திருந்தார்கள். அன்பாக நடந்துகொண்ட நர்சுக்குப் பூ போட வேண்டும், மற்றவளுக்கு முள். முள் வேண்டுமென்றால் மற்ற மிருகங்கள் வேலி தேடிப் போக வேண்டும். கொம்பையாவுக்கு முதுகு எதற்கு இருக்கிறது? போகும்போதெல்லாம் ஒன்றைப் பிடுங்கி ஜெபமணி பானையில் எறிவார். கோபம் அதிகமென்றால் ஒரு கைப்பிடி.

பானை நிறைந்தது. நிர்வாகம் பார்த்த சிங்கம் எட்டிப் பார்த்து அரண்டுபோனது. “இந்தம்மாவிடம் அன்பே இல்லையே!” உடனே பக்கத்துக் காட்டிலிருந்து பயிற்சியாளர் மயில் வந்து இறங்கியது. தோகையை விரித்தால் அதுதான் பவர்பாயிண்ட்.

“நோயாளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். புன்னகைக்க வேண்டும். ‘உங்கள் மனசு எனக்குப் புரிகிறது’ என்று சொல்ல வேண்டும். ‘கூடாது’ என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும்.”

“தண்ணி கேட்டா?” என்றாள் கீரி.

“நம்பித்தானே கேட்கிறார்? நம்பிக்கையை உடைக்கலாமா?”

“நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா?”

“அது இந்தத் தோகையில் இல்லை.”

பாஸாகாவிட்டால் வேலை போய்விடும். ஜெபமணி பாஸானாள்.

அடுத்த முறை கொம்பையா வந்தார். “வணக்கம் கொம்பையா சார். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது.”

வேறு எவனாவது கொம்பையா நிற்கிறானா என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். துண்டைப் போட்டு இரண்டு விரலைப் பிடித்தார். அவள் உதறவில்லை. மூன்றைப் பிடித்துப் பார்த்தார். “உங்க விருப்பம் சார்.” சிரித்த வாய்க்குள் பல் நறநறவென்று கடிபட்டது அவருக்குக் கேட்டது. கேட்கத்தான் செய்தது. சொத்தைச் சரக்கைத் தவிர வேறெதை ஒருவன் கேட்ட விலைக்குத் தருவான் என்று தரகு மூளை எச்சரித்தது. ஆனால் டம்ளர் கண்முன்னே வியர்த்துக்கொண்டு நின்றதே! குடித்தார். அவள் பானையில் பூ போட்டார். வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு, மோர், இளநீர், மறுபடி மோர். திட்டத்தான் ஆள் இல்லையே.

அதற்கடுத்த முறை அவர் நடந்து வரவில்லை. தள்ளுவண்டியில் வந்தார். முகம் பலாப்பழமாக வீங்கி, மூச்சு துருத்தி மாதிரி இரைத்தது. மயில் கட்டிலோரம் நின்று மார்க் போட்டுக்கொண்டிருந்தது. “சிஸ்டர், முதலில் கண்! அடுத்து புன்னகை!”

கொம்பையா துண்டை இழுத்து ஜெபமணி கைமேல் போட்டார். அடியில் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

அவ்வளவுதான். படித்த படிப்பெல்லாம் கழன்று விழுந்தது.

“அறிவிருக்கா அண்ணாச்சி? சாகணும்னா என் ஷிப்டுதான் கிடைச்சுதா? கையை நீட்டுங்க! சிலிர்க்காதீங்க! ஏ மயிலு, தோகையை மடக்கு, ஆக்சிஜன் குழாய் மேல நிக்கிற!”

ஒரே குத்து. மெஷின் ஓடியது. தண்ணீர் இறங்க இறங்க அவள் திட்டிக்கொண்டே இருந்தாள்; துண்டுக்கடியில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. மூச்சு வந்ததும் கொம்பையா சொன்ன முதல் வார்த்தை, “இன்னும் கொஞ்சம் திட்டு, தாயி.”

இனி அவளை எவனும் பயிற்சிக்கு இழுக்கக்கூடாது என்று, காட்டிலுள்ள பூவையெல்லாம் பேரம் பேசாமல் வாங்கி அவள் பானையில் கொட்டினார். வழிந்து வாசலை அடைத்தது. சிங்கம் வந்து பார்த்தது.

“இவ்வளவு அன்பை ஒரே வார்டில் முடக்கலாமா?” என்று ஜெபமணிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. இப்போது அவள் மயிலோடு காடு காடாகப் போய் அன்புப் பயிற்சி கொடுக்கிறாள். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அவள் புன்னகைக்கிற படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கொம்பையா தானே தராசில் ஏறுகிறார். தன் காலைத் தானே அமுக்கிப் பார்க்கிறார். ஐஸ்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “கடிச்சு முழுங்கினா பாரு!” என்று தன்னையே மிரட்டுகிறார். பயமே வரமாட்டேன் என்கிறது.

நீதி: திட்டுகிற நர்சு கிடைத்தால் முள்ளும் போடாதே, பூவும் போடாதே, எதைப் போட்டாலும் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கேட்டாயா மகராசா? அடுத்த டயாலிசிஸுக்குள் அந்தக் கீரியை வார்டுக்குத் திருப்பி அனுப்பு, கூட இன்னும் நாலு நர்சைப் போடு, பானையையும் படத்தையும் நீயே வைத்துக்கொள். துண்டை விரித்தாயிற்று, அஞ்சு விரலையும் பிடித்தாயிற்று. அனுப்பு!