குறட்டைக்கு ஒரு கட்டு

"அம்மா, நிரஞ்சனாவுக்குச் சின்ன சத்தம் கேட்டாலே தூக்கம் கலைஞ்சிடும். அப்பா குறட்டைக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க வெளியே வாடகைக்குப் போயிடுறோம் லா."

அருண்ராஜ் சாதாரணமாகத்தான் சொன்னான். சரசுவுக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. ஒரே பிள்ளை. அவன் இந்தச் சிங்கப்பூர் தெம்பனிஸ் வீட்டை விட்டுப் போவதா, அதுவும் இந்த மனுஷனின் குறட்டைக்குப் பயந்து?

புருஷன் அழகேசனைக் கேட்டால், "நான் எங்க தூங்கினேன்?" என்று சாதிப்பார். அதுவும் ஒரு கணக்கில் உண்மைதான் போலிருக்கிறது. பகலெல்லாம் கொட்டாவி விடுவார். பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பிடோக்கில் முழிப்பார்.

சரசு களத்தில் இறங்கினாள். முதலில் தலைக்கு மூன்று தலையணை வைத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டு மனிதர் ஒரு வாரம் கோணலாகவே நடந்தார். மல்லாந்து படுக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, பனியன் முதுகில் டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தாள். அவர் புரண்டு கட்டிலிலிருந்து விழுந்த வேகத்தில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

கடைசியில் ஞானோதயம். வாய் திறந்தால்தானே சத்தம்? பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, தாடையிலிருந்து உச்சந்தலைக்கு இறுக்கி ஒரு கட்டு. புரளாமல் கிடக்கட்டும் என்று தூக்கம் வரவைக்கும் சளி மருந்தும் கொடுத்தாள்.

நாலு உறுமல், அப்புறம் கப்சிப். இப்படி இடையிடையே சத்தம் நிற்பது முன்பும் உண்டுதான். இப்போது அந்த அமைதி நன்றாகவே நீண்டது. பாதி ஜெயித்துவிட்டோம் என்று சரசு பூரித்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிரஞ்சனாவும் அவள் அப்பா மாசிலாமணியும் விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. மாமனார் தூங்கும் அழகை மருமகளே காதால் கேட்கட்டும் என்று, புருஷனுக்கு முன்னதாகவே சோறு போட்டு, கட்டும் கட்டி, கழுத்துவரை வெள்ளைப் போர்வை போர்த்திப் படுக்கவைத்தாள். மீன் குழம்பு வாசனை போக, தலைமாட்டில் ஊதுபத்தி.

வந்தவர்களில் மாசிலாமணி கழிவறை தேடிப்போய் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மகள் காதில் ஏதோ சொன்னார். பால்கனிப் பக்கம் போய் யாருக்கோ போன் பண்ணினார். சரசு கேசரித் தட்டை நீட்டினால், தட்டைத் தள்ளிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்கம்மா தங்கச்சி. பிள்ளைங்க ரெண்டு பேரும் உன்கூடவேதான் இருப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

சரசுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுக்காகத்தாண்ணே நான் இவ்வளவு பாடுபட்டேன். என் கையாலதான் கட்டிப் படுக்கவச்சேன்."

மாசிலாமணி பிடித்த கையை வெடுக்கென்று விட்டார். நிரஞ்சனா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். இவர்களுக்கு என்ன வந்தது என்று சரசு விழிக்கும்போதே, ஆம்புலன்ஸ்காரர்கள் பெட்டியும் கையுமாக உள்ளே நுழைந்தார்கள். அதே நேரம் அறைக்குள்ளிருந்து கட்டிடமே அதிர ஓர் உறுமல் வந்தது. தொடர்ந்து தாடைக்கட்டோடு அழகேசனே எழுந்து வந்து, வாயைத் திறக்க முடியாமல், டீ வேண்டும் என்று சைகை காட்டினார்.

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

விஷயம் புரிந்ததும் சரசு கொதித்துப்போனாள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனுஷனைப் பிணமாக்கிவிட்டாரே! இப்படி வாய்கூசாமல் சொன்னவர் வீட்டில் சம்பந்தம் தேவையா என்று அருண்ராஜையே கேட்டுவிட்டாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன், காற்றே வரவில்லை என்று மாசிலாமணி திரும்பத் திரும்பச் சத்தியம் செய்தார். நிரஞ்சனா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

இத்தனை களேபரத்திலும், கட்டை அவிழ்த்துவிட்ட கையோடு, அழகேசன் சோபாவில் உட்கார்ந்தபடியே மறுபடி தூங்கிப்போனார். ஆம்புலன்ஸில் வந்த யும்னா அவர் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஒரு கிளிப்பை மாட்டியிருந்தாள். நாலு உறுமல், அப்புறம் கப்சிப்.

"பாத்தியாம்மா, கட்டு இல்லாமலே எவ்வளவு அமைதி" என்றாள் சரசு.

யும்னாவின் கையிலிருந்த திரையில் எண் மளமளவென்று இறங்கியது. அவள் அழகேசனைப் பலமாக உலுக்கி எழுப்பிவிட்டு, மாசிலாமணியைக் காட்டிச் சொன்னாள்.

"ஆன்ட்டி, அவரைத் திட்டாதீங்க. அவர் பார்த்தது சரிதான். சத்தம் நிக்கிறப்பல்லாம் இவருக்கு மூச்சும் நின்னுடுது."