வயிற்றிலிருந்து ரப்பர் இழுத்த பண்டிதர்

இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. என் வலது கண்மேல் ஆணை. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதன்மேல் ஆணையிட்டால் மதிப்பு குறைவு என்பதால் நல்ல கண்ணையே வைக்கிறேன்.

செருப்புக் கடையின் மேல்மாடியில் பசைப் பண்டிதர் வந்து இறங்கிய மாதம், எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. படிக்கட்டில் தொடங்கிய வரிசை தபால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் படிக்கட்டுக்கே வந்து சேர்ந்தது. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் யார் முன்னால் என்று சண்டை. நின்று நின்று செருப்புத் தேய்ந்தவர்கள் கீழே புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே போனார்கள். கட்டணம் கிடையாது. நன்கொடைதான். எவ்வளவு நன்கொடை என்பதைச் சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள், அவ்வளவே.

என் மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் குளூட்டன் என்று ஒரு பசைச் சத்து உண்டு. அது ஒரு துளி உள்ளே போனாலும் அவள் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்து அடிக்கத் தொடங்கிவிடும். மருந்து கிடையாது. தின்னாமல் இருப்பதுதான் மருந்து. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் அவள். பிஸ்கட் பொட்டலத்தின் பின்னால் உள்ள பொடி எழுத்தை, நான் செய்தித்தாளின் தலைப்பைப் படிப்பதற்குள் படித்து முடித்துவிடுவாள். வீட்டில் வெண்ணெய் டப்பா இரண்டு. சிவப்பு நாடா சுற்றியது அவளுடையது. அதில் வேறு யார் கையும் படக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் டப்பா காலி. சிவப்பு நாடா டப்பா நிறைய இருந்தது. மகள் சாப்பிட வருவதற்குள், ரொட்டித் தூள் ஒட்டிய கத்தியை அதில் ஒரே ஒரு முறை விட்டேன். சரி, மூன்று முறை.

மத்தியானமே அச்சகத்திலிருந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசைந்தெடுக்கும் வலி. குளியலறைத் தரையில் சுருண்டு படுத்தபடியே அவள் ஒரு தாளும் பென்சிலும் கேட்டாள். இரண்டு நாளாகச் சாப்பிட்டது அத்தனையையும் எழுதினாள்.

"இதுல எதுவுமே தப்பில்லப்பா. பின்ன எங்கேருந்துதான் வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கும்மா" என்றேன்.

என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மகளிடம் நீட்டினாள். "போனது போயாச்சு. வெளிய இழுக்க அதுல கயிறா கட்டியிருக்கு? இதைக் கொஞ்சம் கொஞ்சமா குடி. படுத்துக்க. ரெண்டு மூணு நாள்ல அடங்கும். அடங்கலன்னா டாக்டர்கிட்ட போவோம்."

அன்று மாலைதான் பண்டிதரின் நோட்டீஸ் என் கைக்கு வந்தது. "பழைய பசை குடல் சுவரில் பல்லாண்டு ஒட்டியிருக்கும். நீங்கள் தவறாக எதையும் உண்ணாமலே நோய் கிளம்பும்." என் வாழ்நாளில் இவ்வளவு வசதியான ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை. கத்திக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை! அந்த நிமிடமே பக்தனாகிவிட்டேன்.

மூன்றாம் நாள் மகளைப் பண்டிதரிடம் கூட்டிப்போனேன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அது எதிலும் படாமல் சும்மா தொங்கியது. அதுவும் நன்கொடையாக வந்ததாம். மேசைமேல் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். தட்டில் ஈரத்துணி மூடிய மாவு உருண்டைகள். ஓர் உருண்டையை எடுத்து மகளின் வயிற்றின் மேல், சட்டையோடு, ஏழு சுற்றுச் சுற்றினார். பிறகு கிண்ணத்துக்குள் அதைப் பிசைந்து பிசைந்து கழுவினார். தண்ணீர் பால் போல வெளுத்தது.

"நோவு கரையுது பாருங்க!"

கூட்டம் "ஆகா!" என்றது. உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் கையில் மிஞ்சியது, சாம்பல் நிறத்தில் சூயிங்கம் போல ஒரு ஜவ்வு. இரண்டு கையாலும் இழுத்தார். முழ நீளம் வந்தது.

"இதுதான் உங்க பொண்ணு குடல்ல ஒட்டியிருந்த பசை. கண்ணால பாத்துட்டீங்கல்ல?"

பார்த்துவிட்டோம். கண்ணால் பார்த்தபிறகு மூளையை எதற்குத் தொந்தரவு செய்வது? மறுநாள் வலி நின்றது. மூன்று நாள் தண்ணீர் குடித்துப் படுத்திருந்ததை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? பெயர் பண்டிதருக்குத்தான்.

மொத்தம் மூன்று இழுப்பு. மூன்றாவது முடிந்ததும் மேடையிலேயே ஒரு பன் கொடுப்பார்கள். அதைத் தின்று காட்டினால் நீங்கள் குணமானவர். பன் தின்றவர்களின் படங்கள் சுவர் முழுக்கச் சிரித்தன. அவர்களில் எத்தனை பேருக்கு சீலியாக் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையும் இல்லை.

இரண்டாவது இழுப்பு முடிந்த பிறகு ஒரு நாள் மகள் அம்மாவிடம் சொன்னாள். "நாளைக்கு பன் சாப்பிடப்போறேம்மா. ஒம்பது வருஷம் ஆச்சு. வாசனை மட்டும் பிடிச்சுப் பிடிச்சு மூக்கே பெருசாயிடுச்சு."

என் வீட்டுக்காரி சத்தம் போடவில்லை. "அந்த ஆளு என்ன செய்றாருன்னு ஒண்ணு விடாம சொல்லு" என்றாள். மகள் சொல்லச் சொல்ல அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "சரி, நானும் வரேன்."

இருபத்திரண்டு வருடம் ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைந்தவள் அவள். அதைப் பண்டிதரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நோட்டீஸிலேயே போட்டிருந்ததால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் பண்டிதரின் மாடி மண்டபம் நிரம்பி வழிந்தது. மகளுக்கு மூன்றாவது இழுப்பு முடிந்தது. முழ நீள ஜவ்வு. கைதட்டல். பளபளவென்று வெண்ணெய் தடவிய பன் தட்டில் வந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடி மோந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்று என் வீட்டுக்காரி மேடையேறினாள். "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். இந்த நாற்காலிக்கும் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்களேன்."

"நாற்காலிக்கா?"

"பாவம், அதுவும் நாள் பூரா நோயாளிங்களைத் தாங்குது."

கூட்டம் சிரித்தது. பண்டிதர் சுதாரிப்பதற்குள் அவள் ஓர் உருண்டையை எடுத்து நாற்காலிக் காலில் ஏழு சுற்றுச் சுற்றி, கிண்ணத்தில் முக்கிக் கழுவத் தொடங்கிவிட்டாள். பழகிய கை. தண்ணீர் வெளுத்தது. ஜவ்வு வந்தது. பண்டிதருடையது ஒரு முழம் என்றால் இவளுடையது ஒன்றரை.

"அடக்கடவுளே, நாற்காலிக்கு எப்ப சீலியாக் வந்துச்சு?" என்றாள்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "அம்மா, யாராவது ரொட்டி தின்னுட்டு அதுல உக்காந்திருப்பாங்க. பசை இறங்கியிருக்கும். இது விஞ்ஞானம்."

படித்தவர் அல்லவா? கூட்டம் தலையாட்டியது.

"சரிங்க சார். அப்ப எதுலயும் தேய்க்காமலே கழுவறேன்." இன்னோர் உருண்டையை எடுத்தாள். யாரையும் தொடவில்லை, எதையும் தொடவில்லை. கழுவினாள். ஜவ்வு வந்தது.

இப்போது தலைமையாசிரியர் உட்கார்ந்தார்.

"இது நம்பிக்கையில்லாதவங்க கை" என்று பண்டிதர் குரலை உயர்த்தினார். "சக்தி குழம்பிப் போச்சு!"

"குழம்பட்டும். உங்க கையாலயே செய்ங்க." அவள் பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்தாள். "இது அரிசி மாவு உருண்டை. உங்க சக்தி பசையை இழுக்குமுன்னா இதுலயும் ஒட்டணும். தேய்ச்சுக் கழுவுங்க."

பண்டிதர் மாவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் முதல் வரிசைத் தொப்பைக்காரர் ஒருவர்மேல் ஏழு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழுவினார். அரிசி மாவு கரைந்தது. கரைந்துகொண்டே போனது. கடைசியில் அவர் கையில் மிஞ்சியது அவர் கை மட்டும்.

"புது கோதுமை மூட்டை வந்தா ரொட்டிக் கூடத்துல நாங்க செய்ற மொத வேலை இது" என்றாள் என் வீட்டுக்காரி. "ஒரு உருண்டை பிசைஞ்சு, ஊற வச்சு, கழுவிப் பாப்போம். மாவுச்சத்து தண்ணியில போயிடும். பசை கையில நிக்கும். நல்ல மாவான்னு அதுல தெரியும். உங்க வயித்துலேருந்து ஒண்ணும் வரலைங்க. மாவுலேருந்து மாவுதான் வருது."

ஆனால் மகள் இன்னும் பன்னைக் கீழே வைக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"அதெல்லாம் சரிம்மா. ஆனா நான் எதுவுமே தப்பா சாப்பிடலையே! பின்ன எப்படி வந்துச்சு? பழைய பசை உள்ள இல்லன்னா, வேற எப்படி?"

பன் அவள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பண்டிதரும் நம்பிக்கையோடு என்னைத்தான் பார்த்தார். மண்டபத்தில் அவருக்கு மிஞ்சிய ஒரே பக்தன் நான்.

"வெண்ணெய்" என்றேன்.

"என்னது?"

"சிவப்பு நாடா டப்பா. ரொட்டித் தூளோட கத்தியை விட்டுட்டேன். மூணு தடவை."

மகள் பன்னைத் தட்டில் வைத்தாள். என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது.

"தரையில கிடந்து லிஸ்ட் எழுதினேனேப்பா. அப்பவே சொல்லியிருக்கலாம்ல? டப்பாவைத் தூக்கிப் போட்டிருப்பேன். அதுக்கப்புறம் படுக்கையில கிடந்தும் ரெண்டு நாள் மேலாக இருந்த அந்த வெண்ணெயைத்தான் தடவித் தின்னேன்!"

இன்றுவரை நான் வெறும் ரொட்டிதான் தின்கிறேன்.

இந்தக் கலவரத்தில் பண்டிதர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்படி வழியாக இறங்கிவிட்டார். ஸ்டெதாஸ்கோப் மட்டும் கழுத்தோடு போனது. ஏமாந்த கூட்டம் திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரமே அதே மாடியில், ஆளின் நிழலை அளந்து ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும் ஒருவர் வந்தார். பாதிப் பேர் பண்டிதரிடம் வாங்கிய பழைய வரிசை டோக்கனோடு வந்து நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் தலைமையாசிரியர்.

அவர்களை விடுங்கள். உங்கள் வீட்டில் கோதுமை மாவு இருக்கும், குழாயில் தண்ணீர் வரும். ஒரு பிடி பிசைந்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, நீங்களே கழுவிப் பாருங்கள். பண்டிதர் வேண்டாம், பேராசிரியர் வேண்டாம், நானும் வேண்டாம். கழுத்துக்கு மேலே இருப்பது தொப்பி மாட்டுவதற்கு மட்டும் முளைத்ததல்ல.

வலது கண்மேல் இட்ட ஆணையையும் நம்பாதீர்கள்; எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.