தலைவிகளை டூரிஸ்ட் பஸ்ஸில் ஏற்றிய கதை

பெண்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று அழகாக எழுதும் ஆண்களை நம்பாதீர்கள். நானே அப்படி ஒருவன். தில்லியில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தபோது, மலைப்பகுதிப் பஞ்சாயத்துத் தலைவிகளின் கூட்டத்துக்கு வரவேற்புரை எழுதியது நான்தான். (கைதட்டலுக்கு இடைவெளிகூட விட்டிருந்தேன்.)

தலைவிகளை அழைத்துவர சாணக்யபுரி விருந்தினர் இல்லத்துக்குப் போனேன். நான்கு பேரும் கணவர்களோடு நின்றார்கள். வடக்கே ‘பிரதான் பதி’ என்று ஒரு பதவி உண்டு. சட்டத்தில் இல்லை, ஊரில் உண்டு. மனைவி ஜெயிப்பார், கணவர் ஆள்வார். பத்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு இது தெரியாதா? கணவர்கள் கழுத்தில் நுழைவுப் பாஸை மாட்டி, பூங்கொத்து கொடுத்து, காரில் ஏற்றினேன். குடும்பத்தினருக்கென்று ஏற்பாடு செய்திருந்த டூரிஸ்ட் பஸ்ஸில் பெண்களை ஏற்றினேன்.

டோல்மா என்ற தலைவி மட்டும் படியில் நின்று மறித்தார். “அண்ணா, நான் செக்ரட்டரிகிட்ட பேசணும். பனி விழுந்தா எங்க கணவாய் மூடிடும். அதுக்குள்ள ஊருக்கு ஒரு நர்ஸ் வேணும்.”

“அச்சா, அதெல்லாம் உங்க வீட்டுக்காரர் பேசிப்பார். நீங்க இந்தியா கேட் பாருங்க” என்று கதவைச் சாத்தினேன்.

கூட்டத்தில் செக்ரட்டரி மேடம் என் உரையை உருக்கமாக வாசித்தார். கைதட்டலுக்கான இடைவெளியில் நிமிர்ந்தார். எதிரே நான்கு ஆண்கள், மடியில் பூங்கொத்தோடு.

“தலைவிகள் எங்கே?”

டோல்மாவின் கணவர் எழுந்தார். “மேடம், எனக்கு ஆடு மேய்க்கத் தெரியும், சமைக்கத் தெரியும். பேச வந்தது அவதான். சொல்ல வந்தேன், இவர் விடலை.” (பக்கத்தில் இருந்தவரோ சட்டைப் பையிலிருந்து எடுத்த உரையை மெல்ல மறுபடி உள்ளே வைத்தார்.)

மேடத்துக்கு அடுத்த கூட்டத்துக்கு இருபது நிமிடமே இருந்தது. வியர்த்து வழிய பஸ் டிரைவருக்குப் போன் செய்தேன். “அந்தம்மா அப்பவே வண்டியைத் திருப்பச் சொல்லிட்டாங்க சார். உங்க ஆபீஸ் கேட்டுலதான் நிக்கிறோம். பாஸ் இல்லைன்னு செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்கிறான்.”

கணவர்களின் கழுத்திலிருந்து பாஸ்களைக் கழற்றிக்கொண்டு நான்கு மாடி இறங்கி ஓடினேன்.

மேலே வந்த டோல்மா உட்காரவே இல்லை. “போன குளிர்ல என் தங்கச்சி பிரசவத்துல செத்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வழியில்லை. இந்தக் குளிருக்கு மூணு பேர் மாசமா இருக்காங்க” என்றார். இந்தப் பெண்ணைத்தான் நான் ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பியிருந்தேன். வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை.

மேடம் அங்கேயே நர்ஸை அனுப்பச் சொல்லி உத்தரவு எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். “பஸ் சும்மாதானே நிக்குது? கணவர்களை ஏத்துங்க. நீங்களும் ஏறுங்க.”

அன்று முழுக்க நான்கு கணவர்களுக்கு இந்தியா கேட்டைச் சுற்றிக் காட்டினேன். குடும்பத்தினருக்கான அன்பளிப்புப் பையில் கண்ணாடி வளையல்கள் இருந்தன. எனக்கும் ஒரு பை கிடைத்தது.

பனிக்கு முன்பே டோல்மாவின் ஊருக்கு நர்ஸ் வந்துவிட்டார். நான்தான் இன்னும் மீளவில்லை. என் மனைவியிடம் யாராவது ஏதாவது கேட்டு, நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால் போதும், கிட்வாய் நகர் வீட்டின் எந்த மூலையிலிருந்தாலும் மகள் குரல் கொடுப்பாள்:

“அப்பா, ஜல்தி! உங்க பஸ் கிளம்பிடும்!”