இரண்டு வேலிகளுக்கு நடுவில்

"இன்னாங்க, குப்பை ஆட்டோ இன்னிக்கும் நிக்காமலே போயிடுச்சு" என்றாள் மமதா, வாளியோடு வாசலில் நின்று.

ஸ்ரீராம்புரத்தில் குப்பை ஆட்டோ பாடிக்கொண்டே வரும். முகேஷின் வீட்டைக் கடக்கும்போது மட்டும் பாட்டு அறுந்து, அடுத்த வீட்டு வாசலில் மறுபடி ஒட்டிக்கொண்டது.

"கூப்பிட வேண்டியதுதானே?" என்றான் கணவன் முகேஷ்.

"கத்தினேங்க. டிரைவர் என்னைப் பாத்தான். இல்ல, எனக்குப் பின்னாடி இருக்கற சுவத்தைப் பாத்தான்."

காரணம் முகேஷுக்குத் தெரியும்.

நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாக்கி, வார்டுகளைப் புதிதாக வரையும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் கணினியில் கோடு போடுபவன் முகேஷ். இரண்டு வார்டுகளுக்கு நடுவில் ஒரே கோடு இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனி வேலி. இரண்டு வேலிகளும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் படிந்தால், பார்க்க ஒரே கோடாகத் தெரியும். படியாவிட்டால் நடுவில் ஒரு கீற்று மிஞ்சும். அந்தக் கீற்று எந்த வார்டிலும் சேராது.

முதல் வரைவில் முகேஷின் வீடு, சாக்கடைக்கு அந்தப்புறத்து வார்டில் சேர்ந்திருந்தது. "அந்த வார்டுல தண்ணியே ஒழுங்கா வராதுங்க. நீங்கதானே கோடு போடறீங்க? நம்ம வீட்டை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிடுங்க" என்றாள் மமதா. அவனும் அந்த வார்டின் வேலியைச் சாக்கடை வரை தள்ளினான். அதற்குள் டீ வந்தது. இந்த வார்டின் வேலியை வீட்டைச் சுற்றி இழுத்துவர மறந்துபோனான்.

வெளியே வந்தான். சாக்கடை மேல் போட்டிருந்த கல்பலகையில், முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை.

"புதுசா குடி வந்திருக்கீங்களா சார்?"

"ஸ்ரீகண்டன்" என்று புன்னகைத்தார். "ஆட்டோ நிக்கலையா? முதல்ல அதுதான் நிக்காது."

அலுவலக வாசலில் விரல்ரேகை மிஷின் முகேஷின் கட்டைவிரலை ஏற்கவில்லை. ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, தன் வார்டின் வேலியை வீட்டை நோக்கி இழுத்தான்.

வார்டு எல்லை தரையில் கண்ணுக்குத் தெரிகிற எதன்மீதாவது ஓடவேண்டும்: சாலை, சாக்கடை, சுவர். அதனால் கணினிக் கோட்டுக்குக் காந்த குணம் கொடுத்திருப்பார்கள். பக்கத்தில் சுவர் இருந்தால் தானே போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கோடு முகேஷின் சமையலறைச் சுவரில் ஒட்டியது. மேனேஜர் வைஷ்ணவி வரும் சத்தம் கேட்கவே, அப்படியே சேமித்துவிட்டான்.

சாயங்காலம் சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டியது. குளியலறையில் காற்று வந்தது.

"சமையல்கட்டு மட்டும் வார்டுக்குள்ள வந்துடுச்சு சார்" என்றான் கல்பலகைக்காரரிடம்.

"உன் வீட்டுக்காரி அங்கேதானே இருக்கா?"

"ஆமா."

"நல்லது" என்றவர் குரலில் நல்லது எதுவும் இல்லை.

ஜன்னலிலிருந்து மமதா எட்டிப் பார்த்தாள். "யார்கிட்டங்க பேசறீங்க?"

"இந்த சார்கிட்ட."

"எந்த சார்?"

மதில் மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மதில் முழங்கால் உயரம்தான்.

மறுநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து முயன்றான். போகிறது, அந்த வார்டிலாவது சேரட்டும் என்று அதன் வேலியை இழுத்தான். அது படுக்கையறைச் சுவரில் ஒட்டியது. அன்றே அந்த வார்டின் கொசுமருந்து வண்டி வந்து, படுக்கையறை ஜன்னலுக்கு மட்டும் புகை போட்டுவிட்டுப் போனது. மிச்சம் இருந்தது நடுவில் உள்ள ஹால்.

ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து வந்த மமதா டிவியை அணைத்தாள்.

"யாருமே பாக்கல, இது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு."

"மமதா! நான் இங்கதான் இருக்கேன்!"

அவள் திரும்பினாள். புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். "இன்னா காத்து" என்றாள்.

விடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடினான். வைஷ்ணவி அவன் நாற்காலிக்கு நேராக வந்து நின்றார். "முகேஷ் எல்லி?" என்று, அவன் எங்கே என்பதைக் கன்னடத்தில் பக்கத்து மேசையிடம் கேட்டார்.

"இங்கதான் மேடம். உக்காந்துட்டிருக்கேன்!"

"எங்க போனாருன்னு தெரியல மேடம்" என்றது பக்கத்து மேசை.

கடைசியாக ஒரு கட்டளை மிச்சம் இருந்தது. கீற்றுகளையெல்லாம் கணினியே தேடி மூடும். ஆனால் எவ்வளவு சிறியதை விட்டுவிடலாம் என்று அதற்கு ஓர் அளவு சொல்லிவைத்திருப்பார்கள். அதற்கும் குறைந்ததை அது கீற்றாகவே மதிக்காது. முகேஷ் பொத்தானை அழுத்தினான். இரண்டு வேலிகளும் ஹாலுக்குள் நெருங்கி நெருங்கி வந்தன. ஓர் ஆள் அகலத்தில் நின்றன. 'இடைவெளி ஏதும் இல்லை' என்று பச்சை எழுத்து வந்தது.

வைஷ்ணவி அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, வரைபடத்தை அரசிதழுக்கு அனுப்பிவிட்டார். இனி அடுத்த மறுவரைவு வரை யாரும் தொட முடியாது.

வீட்டில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது. குப்பை ஆட்டோ முழுப்பாட்டோடு வாசலில் நின்றது. மமதா வாளியைக் கவிழ்த்துவிட்டு, அவன் எதிரில் நின்றுகொண்டே போனில் அழுதாள். "நேத்துக் காலைல போனவரு இன்னும் வரலண்ணா. போன் பண்ணா எடுக்கறதே இல்ல." முகேஷின் கையில் போன் ஒலிக்கவில்லை. தினமும் அவனைப் பார்த்துக் குரைக்கும் தெருநாய் அவன் காலடியில் நிம்மதியாகத் தூங்கியது.

கல்பலகையில் போய் உட்கார்ந்தான்.

"எல்லாம் சரியாயிடுச்சு சார். நான்தான் இல்ல. புதுசா வந்தவரு, உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

ஸ்ரீகண்டன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"புதுசா வந்தது நான் இல்லப்பா, நீ. போன தடவை இங்கே கோடு போட்டவன் நான். கொஞ்சம் தள்ளி உட்காரு, அதுக்கு முந்தின தடவை போட்டவர் வர்ற நேரம்."