மெனுவின் பலமும் பலவீனமும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்குள் பொய் சொல்லவே தெரியாமல் பிறந்தவன் எங்கள் மெனு ஒருவன்தான். மற்றவர்கள் வீட்டுக்காரரிடம் சொன்ன பொய்களை வீதியில் கொட்டினால் பலாலி பஸ் நகராது. அதில் என் பங்கும் கணிசம்.

மெனு என்றதும் சாப்பாட்டு ராமன் என்று நினைக்க வேண்டாம். அவனிடம் ஒரு யப்பானிய வீடியோ கேம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பகலில் பாடம் படித்துவிட்டு, பின்னேரம் பூதங்களோடு சண்டைக்குப் போகிற கதை. அதில் மெனுவைத் திறந்தால் எழுத்துகள் சாய்ந்து சாய்ந்து வந்து விழும், கதாநாயகன் போட்டிருக்கிற மேல்கோட்டைச் சுழற்றிக்கொண்டு திரும்புவான், பின்னால் இசை துள்ளும். நம் ஆள் விளையாடுவதை விட்டுவிட்டு அந்த மெனுவைத் திறந்து மூடித் திறந்து மூடி ரசித்துக்கொண்டிருப்பான். பிறகு ஞானரூபன் என்ற சொந்தப் பெயர் மறைந்து, மெனு என்பது தானாகவே ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு பித்துப் பிடித்தவன் அதைப் புகழ்ந்துகொண்டே இருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. யார் கேட்டாலும் குறையையும் சேர்த்தே சொல்லுவான். தொடக்கம் சரியான இழுவை. முடிவெடுத்த விஷயத்தையே கூடியிருந்து திரும்பவும் கதைப்பார்கள். குகைகள் எல்லாம் ஒரே மாதிரி. எல்லாவற்றிலும் பெரிய குறை, கடைசி நாள் முடிந்தால் எல்லாம் முடிந்தது, பழகிய சிநேகிதரோடு இன்னும் ஒரு பின்னேரம் சுற்றித்திரிய விடாது. இதைச் சொல்லிவிட்டு மெனுவை இன்னொருக்கால் திறந்து மூடுவான்.

அந்தப் பூதங்களுக்கு ஆளுக்கொரு பலவீனம் உண்டு. ஒன்று நெருப்புக்கு விழும், ஒன்று பனிக்கு விழும். மெனு எங்களையும் அப்படியே பிரித்து வைத்திருந்தான். தண்ணீர் மோட்டரை நிறுத்த மறந்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் சன்னதம் கொண்டு வந்தால், மெனு அமைதியாக அவருடைய கனடாப் பேத்தியின் நடன அரங்கேற்றத்தைப் பற்றி விசாரிப்பான். மனுசன் படியிலேயே உட்கார்ந்து போனில் படம் காட்டத் தொடங்கிவிடுவார். எனக்கு எழுதப்பட்ட பலவீனம் கொத்துரொட்டி. மறுக்க வழியில்லை.

இப்படிப்பட்டவன் பார்த்த வேலை காப்புறுதி, அதுதான் இன்சூரன்ஸ், விற்பது. வாசலில் நின்று அதன் நன்மைகளைச் சொல்லிவிட்டு, கேட்காமலே ஓட்டைகளையும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவான்.

அவனுக்குத்தான் காங்கேசன்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் ஆசிரியை. சாதகப் பொருத்தம் திறம். படத்தைப் பார்த்த நாள் தொடக்கம் பயல் கேம் பெட்டியைத் தொடவில்லை. எத்தனையோ சம்பந்தம் தட்டிப்போனவன், இது மட்டும் சரிவர வேண்டும் என்று நல்லூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வந்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் ஒருவரை அனுப்பி, மாப்பிள்ளை இருக்கிற இடத்தில் ஓசைப்படாமல் விசாரிப்பார்கள். பெண்ணின் மாமன் வருகிறார் என்று எங்களுக்கு முன்கூட்டியே துப்புக் கிடைத்தது. கேம் பெட்டியை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினோம். சுவரில் பிள்ளையார் ஏறினார். மெனுவைப் பற்றிச் சொல்ல வேண்டிய பொய்களை ஆளுக்காள் பிரித்துக்கொண்டோம். மாமனுக்குக் கொடுக்க நான் சோடா வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால், மாமன் ஏற்கனவே கேற்றடியில் நிற்கிறார். அவரோடு நின்று கதைப்பவன் சாட்சாத் மெனு! பெண் வீட்டுக்கு அனுப்பிய படத்தில் ஸ்ரூடியோக்காரன் முகத்தை வெளுத்த வெளுப்பில் மாமனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

“ஞானரூபன் எண்டு ஒரு பிள்ளை உங்கை இருக்கிறாராம். ஆள் எப்பிடித் தம்பி? உள்ளதைச் சொல்லும்.”

மெனுவின் இடத்தில் நான் நின்றிருந்தால் அந்த ஞானரூபனை நாயனார் வரிசையில் சேர்த்திருப்பேன். மெனு கொஞ்சம் யோசித்தான்.

“தொடக்கம் நல்ல இழுவை ஐயா. முதல் கொஞ்சக் காலம் வாய் திறக்கமாட்டார். திறந்தால் சொன்னதையே திருப்பிச் சொல்லுவார். வெளியிலை பெரிய ஸ்டைல் ஒண்டும் இல்லை.”

“குடி, கிடி?”

“இல்லை. ஆனால் ரீவியிலை யப்பான் விளையாட்டு ஒண்டு விளையாடுறவர். அது பொல்லாத பைத்தியம்.”

நான் மாமனுக்குப் பின்னால் நின்று சோடாப் போத்தலை ஆட்டி அவனுக்குச் சைகை காட்டினேன்.

“நல்லது ஒண்டும் இல்லையோ?”

“இருக்கு ஐயா. ஒருக்கால் சிநேகிதம் பிடிச்சால் விடமாட்டார்.”

மாமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீர் ஆர் தம்பி?”

“நான்தான் ஐயா அது.”

மாமன் சோடாவைக் குடித்தார். வெறும் போத்தலை என் கையில் தந்துவிட்டு பஸ் ஏறினார். நாங்கள் மெனுவைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தோம். அவன் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். “அந்தப் பிள்ளைக்கு எப்பிடியடா பொய் சொல்லுறது?” என்று மட்டும் கேட்டான். கண் கலங்கியிருந்தது. மூட்டைக்குப் பின்னாலிருந்து கேம் பெட்டியை இழுத்து அவன் முன்னால் வைத்தோம்.

அடுத்த கிழமை தரகர் சிரித்துக்கொண்டு வந்தார். மாமன் கேட்டதை ஒன்று விடாமல் வீட்டில் ஒப்பித்தாராம். பெண் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “இழுவையை நான் பாத்துக்கொள்ளுறன், ஓம் எண்டு சொல்லுங்கோ” என்றாளாம்.

கலியாணம் முடிந்து காங்கேசன்துறைக்குப் போகும்போது, கேம் பெட்டியை எங்களுக்கே விட்டுப் போனான். அதில் அவன் விட்டுப்போன கதை கடைசி நாளுக்கு முந்தின நாளில் நிற்கிறது. சில பின்னேரங்களில் அதைப் போட்டு, மெனுவை மட்டும் திறந்து பார்த்துவிட்டு நிறுத்திவிடுவோம். அந்தக் கடைசி நாளை விளையாட எங்களில் ஒருவனுக்கும் மனம் வரவில்லை.