பொன்னாடைத் தட்டும் ஒரு காலி நாற்காலியும்

என் தங்கை அமுதவல்லி வென்றவை இவை. முட்டி வலியோடு ஓடி எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் முதல் பரிசு, அதுவும் மற்றவர்கள் தவறவிட்ட எலுமிச்சைகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு. எங்கள் தெருவுக்கு வரவே வராது என்றிருந்த குடிநீர்க் குழாய். டியூஷன் வாத்தியாரே கைகழுவிய மகன் இளம்பரிதிக்கு இன்ஜினியர் பட்டம். கோலப் போட்டியில் வெற்றி, பொடி தீர்ந்துபோன எதிராளிக்குத் தன் பொடியில் பாதியைக் கொடுத்த பிறகும். இத்தனையும் வென்றவளால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் வெல்ல முடியவில்லை.

இது தனி இனம், வாசகரே. 'இருங்க, நான் பாத்துக்கறேன்' இனம். கல்யாணத்துக்கு விருந்தாளியாக வருவார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் சாம்பார் வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருப்பார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் 'ஆச்சுங்க' என்பார்கள். ஆகியிருக்காது. குழுப் படத்தில் தேடுங்கள். ஓரத்தில் டீ தம்ளரை நீட்டும் ஒரு கை தெரியும். அதுதான் அவர்கள். கடத்தூரில் எங்கள் மகளிர் மன்றத்துப் படங்களை வரிசையாக வைத்தால், என் தங்கையின் வலது கைக்கு வயதாவதைப் பார்க்கலாம். முகமா? அது எதற்கு?

எழுதப் படிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் மன்றத்துப் பதிவேடு கையெழுத்துக்குச் சுற்றி வரும்போதெல்லாம் கையில் உப்புமா கரண்டி. "நீ பாரும்மா, நான் போட்டுக்கறேன்" என்று தலைவி மணிமேகலை போட்டுவிடுவார். மகனின் ரேங்க் கார்டில் அவன் அப்பா. கூரியர் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்.

இப்படிப்பட்டவளுக்குப் பொன்னாடை போர்த்த மன்றம் முடிவு செய்தது. சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "எத்தினி பேருக்கு சாப்பாடுங்க?" தன் பாராட்டு விழாவுக்குத் தானே நாற்காலி இறக்கினாள், தக்காளி சாதம் கிளறினாள், தன் பெயர் போட்ட பேனரைத் தானே ஏணியில் ஏறிக் கட்டினாள்.

"இன்னிக்காவது நீ மேடையில உக்காரணும்டி" என்றேன்.

"உக்கார்றேன்க்கா. இந்த ஒரு வேல முடிஞ்சிரட்டும்."

பொன்னாடையைத் தட்டில் வைத்து ஒருவர் நீட்ட, விருந்தினர் எடுத்துப் போர்த்துவதுதானே முறை? மைக்கில் பெயரை அழைத்தார்கள். அவளுக்கென்று போட்ட நாற்காலி காலி. தட்டை நீட்டிக்கொண்டு நின்றது யார்? வேறு யார்.

அரூரிலிருந்து விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பொன்னாடையை விரித்துப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். "அமுதவல்லிங்கறவங்க எங்கம்மா?" என்று தட்டு பிடித்தவளிடமே கேட்டார்.

"இங்கதாங்க இருந்தாங்க. இருங்க, பாத்துட்டு வரேன்" என்று அவள் தன்னைத் தேடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

எவ்வளவு நேரம்தான் விரித்துப் பிடிப்பது? மைக் ஒயரைச் சரிசெய்ய வந்த சவுண்டு சர்வீஸ் நிசார் அகமதுவுக்கு விருந்தினர் போர்த்திவிட்டார். பெண்குலத்தின் பெருமை என்று இரண்டு வார்த்தை பேசவும் செய்தார். கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் நின்று அமுதாவும் கைதட்டினாள், தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

நான் போய்ப் பிடுங்கினேன். "தட்டக் குடுடி."

"அப்புறம் யாருக்கா புடிப்பாங்க?"

"நான் புடிக்கறேன். நீ போயி உக்காரு."

"நானும் அதான் பாத்தேன், நமக்கெதுக்குடா இதுன்னு" என்று நிசார் பொன்னாடையை மடித்துத் தட்டில் வைத்தார்.

உட்கார்ந்தாள். போர்த்தினார்கள். காலியான இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல், தொலைந்த பொருளைத் தேடுவதுபோல மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிமேகலை விழாப் பதிவேட்டை அந்த மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார்.

போன தையில் அமுதா போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் பழக்கத்தில் உள்பக்கம் பார்த்து, "அமுதா, ஒரு வாய்த் தண்ணி" என்று குரல் கொடுத்தார்கள். தப்பில்லை. "இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போனேன்.

இந்த இனம் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கடைசியாகப் போன விழாவின் படத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் முகம் இருக்கிறதா, கை மட்டும்தானா? கைதான் என்றால் அந்தத் தட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்காருங்கள். என் தங்கை உட்கார்ந்து, பேனாவை வாங்கி, முதன்முதலாகத் தன் பெயரைத் தானே கையெழுத்திட்டது 2019 மார்ச் 8, வெள்ளிக்கிழமை.