இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டது

எடை, அளவைச் சரிபார்ப்பு அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘அனைத்துக் கணினிகளிலும் உள்ள பழைய இயங்குதளம் இம்மாத இறுதிக்குள் அகற்றப்பட்டு, புதிய இயங்குதளம் நிறுவப்பட வேண்டும். தவறும் பட்சத்தில் கடும் நடவடிக்கை மேற்கொள்ளப்படும் எனக் கண்டிப்புடன் தெரிவிக்கப்படுகிறது.’ அந்தச் சுற்றறிக்கையே பழைய இயங்குதளத்தில்தான் தட்டச்சாகியிருந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

வேலை சிஸ்டக்காரர் தலையில் விழுந்தது. அலுவலகத்துக் கணினிகளை ஓடவைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் தற்காலிக ஆள். “மாப்பிள்ளை இன்னும் தற்காலிகம்தானா?” என்று மாமனார் கேட்காத விசேஷம் கிடையாது. கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

“இதை மட்டும் முடிச்சுக் குடுங்க. உங்க நிரந்தர ஆணைக்கு நான் பொறுப்பு,” என்றார் அலுவலகத் தலைமை அதிகாரி.

சிஸ்டக்காரர் ராப்பகலாக முயன்றார். கணினிகளோ, மின்விசிறியே இருமும் வயதில் இருந்தன. புதிய இயங்குதளம் உள்ளே எட்டிப் பார்த்தது. நினைவகம் போதாது, இந்தக் கணினிக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டது. அவர் அதிகாரியிடம் போய் நின்றார்.

“சார், மெஷின் ரொம்பப் பழசு. புதுசு இதுல ஏறாது.”

“ஏறாதா? அரசாங்க உத்தரவு சார் இது!”

“உத்தரவு மெஷினுக்குத் தெரியாதே சார்.”

“அப்ப தெரியப்படுத்துங்க.”

சுற்றறிக்கையின் நகல் ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் ஒட்டப்பட்டது. உரிய அவகாசமும் தரப்பட்டது. எந்தக் கணினியும் விளக்கம் அளிக்கவில்லை.

“சார், பழசையே சுத்தம் பண்ணி, பாதுகாப்புத் திருத்தமெல்லாம் போட்டு, இன்னும் கொஞ்ச காலம் நல்லா ஓட்டலாம்,” என்றார் சிஸ்டக்காரர்.

“நல்லா ஓடுதான்னு சுற்றறிக்கையில எங்கயாவது கேட்டிருக்காங்களா?”

கேட்கவில்லைதான். சிஸ்டக்காரர் தலையைச் சொறிந்தார். அதிகாரிக்கு மனம் இளகியது.

“எங்க வீட்ல என் பொண்ணு புதுசு வச்சிருக்கா. என்ன அழகு தெரியுமா! முன்னாடி ஓரத்துல கிடந்த ஐகானெல்லாம் இப்ப கீழே நடுவுல வந்து வரிசையா உட்கார்ந்திருக்கு. அதுதானே இப்ப ஃபேஷன்! இங்கயும் அப்படித் தெரிஞ்சாப் போதும்.”

“தெரிஞ்சாப் போதுமா சார்?”

“ஆய்வுக்கு வர்றவரு பின்ன என்ன, மெஷினைக் கழட்டியா பார்க்கப் போறாரு?”

அதிகாரியின் மகள் தன் கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். சிஸ்டக்காரர் அந்தப் படத்தை எல்லாக் கணினிகளுக்கும் பின்புலமாகப் போட்டார். நிஜ ஐகான்களையும் அவை இருந்த பழைய பட்டையையும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்தார். பழையது அடியில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. மேலே புதியது பளபளத்தது. அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. செய்தது ஊரை ஏமாற்றும் வேலை என்று நன்றாகவே தெரியும். ஆனால் மாமனாரின் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் குறுகுறுப்பு இருந்த இடம் தெரியவில்லை.

‘பழைய இயங்குதளம் அடிச்சுவடின்றி அகற்றப்பட்டது’ என்று அறிக்கை தயாரானது. சிஸ்டக்காரர் கையெழுத்திட்டார். சாட்சிக்கு அலுவலகம் மொத்தமும் கையெழுத்திட்டது.

ஆய்வுக்கு வந்த மேலதிகாரி திரையைப் பார்த்து அசந்துபோனார்.

“அட, ஐகான் நடுவுல வந்துருச்சே!”

ஒன்றைச் சொடுக்கினார். படம் படமாகவே இருந்தது. அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“எங்க தலைமை ஆபீஸ்லயும் இப்படித்தான்,” என்றார் மேலதிகாரி திருப்தியாக. “புதுசுல ஒரு நிதானம் இருக்கு.”

பாராட்டு மடல் வந்தது. சிஸ்டக்காரரை நிரந்தரமாக்கவும் ஒப்புதல் கிடைத்தது. ஊழியர்கள் புதிய யுகத்துக்குள் நுழைந்தார்கள். காலையில் வந்து படத்தைச் சொடுக்குவார்கள், காத்திருப்பார்கள், தேநீர் குடிக்கப் போவார்கள். வேலை இவ்வளவு இலகுவானதே இல்லை.

ஒரு மளிகைக் கடைக்காரர் தன் தராசுக்கு முத்திரைச் சான்று கேட்டு வந்தார்.

“புது சிஸ்டம். கொஞ்சம் பொறுங்க,” என்றார் எழுத்தர்.

“பழசுல உடனே குடுத்துடுவீங்களே?”

“பழசுல ஐகான் ஓரத்துல இருந்துச்சுங்க.”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நடுவில்தான் இருந்தது. ‘முன்னேற்றம்னா இதுதான்’ என்று மெச்சிக்கொண்டே தராசைத் தூக்கிக்கொண்டு போனார். சான்றில்லாத அந்தத் தராசில் அன்று முதல் அவர் நிம்மதியாக எடை போட்டார். வாங்கியவர்களும் புது சிஸ்டத்தைப் பற்றி அவர் சொன்ன பெருமையைக் கேட்டுக்கொண்டே, குறைந்த எடையை வாங்கிப் போனார்கள்.

மாதக் கடைசி வந்தது. சம்பளப் பட்டியலைக் கணினியில்தான் போட வேண்டும். சிஸ்டக்காரரின் நிரந்தர ஆணையையும் அதிலேயே அச்சிட வேண்டும். இரண்டுக்குமான மென்பொருள் படத்துக்கு அடியில், பழையதோடு படுத்திருந்தது.

“ஒரே நிமிஷம் சார்,” என்று குழைந்தார் சிஸ்டக்காரர். “படத்தை எடுத்தா அடியில பழசு அப்படியே இருக்கு. வேலையை முடிச்சுட்டு மறுபடி மூடிடலாம்.”

“எது இருக்கு?”

“பழசு சார்.”

“அப்படி ஒண்ணு இங்க இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?” அதிகாரியின் குரலில் நிஜமான பரிவு இருந்தது. “இருக்குன்னா, நீங்க பொய்க் கையெழுத்துப் போட்ட ஆள். அப்படிப்பட்ட ஆளுக்கு எப்படி நிரந்தர ஆணை தர்றது? இல்லைன்னா, ஆணையை எதுல அடிக்கிறது? நீங்களே சொல்லுங்க.”

சிஸ்டக்காரர் மற்றவர்களைப் பார்த்தார். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் சம்பளம் வந்துவிடும். ஆனால் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் படத்தைச் சொடுக்கினார்.

அதிகாரி நெடுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“சம்பளம் வரவு வச்சாச்சுன்னு ஒரு படம் போட முடியுமா?”

போட முடிந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்துத் தலையாட்டி, ஆளுக்கொரு நகலைக் கைபேசியில் வாங்கிக்கொண்டார்கள். “போன மாசத்தைவிட எழுத்து தெளிவா இருக்கு,” என்றார் எழுத்தர். கையோடு நிரந்தர ஆணையும் ஒரு படமாகி, சிஸ்டக்காரரின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் மனைவியிடம் காட்டினார். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“கையெழுத்து எங்க?”

“புதுசுல கையெழுத்து நிதானமாத்தான் வரும்.”

“சம்பளம்?”

“அதுவும் வந்தாச்சு. படம் அடுத்ததா இருக்கு பாரு.”

அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கத்திரிக்கோலைத் தேடினாள். அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஏதோ பத்திரிகையில் இருந்து பிசிறில்லாமல் வெட்டிய படம் ஒன்று உள்ளே இருந்தது. ஆவி பறக்கும் சோறு, சுற்றிலும் கிண்ணம் கிண்ணமாகக் கறிவகைகள். அழகான படம். அவர் சட்டென்று மூடியை மூடினார். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று நிமிர்ந்தபோது, எழுத்தரும் தன் டப்பாவைச் சட்டென்று மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த மேஜையிலும் அதே அவசரம். அறை முழுக்க மூடிகள் ஒவ்வொன்றாக அழுந்தும் சத்தம் கேட்டது.

அதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் கையிலும் ஒரு டப்பா இருந்தது. அதன் மூடியை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

“என்ன, எல்லாரும் சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு சார்,” என்றது அலுவலகம்.

“என் வீட்லயும் இன்னைக்குப் பிரமாதம்,” என்று சொல்லி, அதிகாரி ஒரு ஏப்பம் விட்டார்.